அண்ணி சிரிப்பு, இரண்டாயிரம் மீட்டர்

கலர் அக்காவுக்கு உலகத்தில் யாரையுமே பிடிக்காது என்று அந்தத் திரைச்சீலைக் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். அவளுக்குப் பிடிக்காதவர்கள் மொத்தம் நான்கு பேர்தான். மற்றவர்களைப் பற்றி நினைக்க அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை. நான்கில் முதல் இடம் அண்ணிக்கு. இரண்டாவது இடம் அண்ணியின் தம்பிக்கு. மூன்றாவது, ஓடிப்போன கணவனுக்கு. அவனைக்கூட வருஷத்துக்கு ஒருமுறைதான் நினைப்பாள். நான்காவது ஆள் யார் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கம்பெனி அவளுடைய அண்ணனுடையது. இருபத்தொன்பது வயதில் கணவன் விட்டுவிட்டுப் போனபோது ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். இரண்டாவது வாரமே அண்ணி வழி சொல்லிவிட்டாள். "சும்மா வீட்டுல உக்காந்திருந்தா மனசு கெட்டுடும். கம்பெனியில எதையாவது பண்ணட்டும்." அந்த எதையாவது என்பது முதலில் நூல் பிசிறு வெட்டுவதாக இருந்தது, பிறகு துணி மடிப்பதாக. அப்புறம் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தொட்டால் கெட்டுப்போகும் என்று எல்லோரும் அதைத் தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது இவள் போய் உட்கார்ந்தாள். பதினேழு வருஷம் ஆகிறது, எழுந்திருக்கவில்லை.

அவளுடைய அறை மிஷின் கூடத்துக்கு மேலே, இரும்புப் படி ஏறினால் வரும். வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒரு சக்கரம் போய் அந்த இடத்தில் மடித்த அட்டை முட்டுக்கொடுத்த சுழல் நாற்காலி. இப்போது அவள் குடியிருக்கும் வாடகை அறை வேறு ஆளுடையது, அதில் இருக்கும் அலமாரி அண்ணி கழித்துப் போட்டது. உலகத்தில் தன்னுடையது என்று அவள் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே பொருள் அந்த நொண்டி நாற்காலிதான். அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் எழுந்திருக்கும்வரை பக்கத்தில் நின்று முறைப்பாள்.

வேலை என்னவென்றால், வாடிக்கையாளர் ஒரு படம் தருவார். ஒரு வரவேற்பறை, ஒரு சோபா, சில சமயம் ஒரு தட்டில் வைத்த பழம். இதில் இருக்கிற நிறம் எல்லாம் எங்கள் திரைச்சீலையில் வரவேண்டும் என்பார். அவள் படத்தைத் திரையில் திறந்து, சொட்டு மருந்துக் குழாய் போல இருக்கும் குறியால் ஒவ்வொரு இடமாகத் தொடுவாள். தொட்ட நிறம் ஒரு சின்னக் கட்டத்தில் வந்து விழும். அப்படி நாற்பது, ஐம்பது கட்டம் சேர்ந்தால் அது ஒரு பேலட். இதை எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் செய்யும். அதற்கப்புறம்தான் அவளுடைய வேலையே. கீழே இருந்த துணி அச்சு மிஷின் சிவப்பைக் கூடுதலாகக் கக்கும், நீலத்தில் கஞ்சத்தனம் செய்யும். திரையில் பார்க்க அழகாக இருக்கிற நிறம் துணியில் வேறு எதுவாகவோ வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பைக் கொஞ்சம் இறக்கி, நீலத்தைக் கொஞ்சம் ஏற்றி, ஒரு முழத் துணியில் அடித்து, காலை பத்து மணி வெளிச்சத்தில் ஜன்னலோரம் பிடித்துப் பார்ப்பாள். மறுபடி இறக்குவாள். அவள் பேலட்டைத் திரையில் பார்த்தால் எல்லா நிறமும் நோயாளி போல இருக்கும். துணியில் அடித்தால் உயிரோடு எழுந்து வரும்.

இப்படி அறுநூற்றுச் சொச்சம் நிறங்கள் அவளிடம் இருந்தன. புதுப் பேலட் எதுவானாலும் முக்கால்வாசி அந்த இருப்பிலிருந்தே எடுத்துப் போட்டுவிடுவாள்.

ஒவ்வொரு கட்டத்தையும் சேர்க்கும்போது அந்த மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: இதற்கு என்ன பெயர்? முதல் வருஷம் எண் போட்டுப் பார்த்தாள். எண் எதுவும் மனதில் நிற்கவில்லை. ஒருநாள் ஒரு பழுப்பு நிறத்தைச் சேர்க்கும்போது, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். அண்ணன் வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் குடித்து முடித்தபிறகு அவளுக்கு வந்த டீ. மேலே ஆடை கட்டியிருந்தது. 'ஆறின டீ' என்று தட்டினாள். அந்த நிறம் அப்புறம் மறக்கவே இல்லை.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவளுக்கு வேறு எதில் பஞ்சம் இருந்தாலும் மனக்கசப்பில் பஞ்சம் இல்லை. சாயம் போன நீலத்துக்கு 'பழைய புடவை மூட்டை' என்று பெயர். விருந்தாளி வந்திருந்த நாளில் அவளைச் சுற்றிக்கொண்டு வரச் சொன்ன கதவின் பச்சைக்கு 'பின்வாசல்'. ஒரு கருஞ்சிவப்புக்கு 'நீ எடுத்தியா'. அது அண்ணியின் தொலைந்துபோன கைப்பையின் நிறம், மறுநாள் கார் சீட்டுக்கு அடியில் கிடைத்தது, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வாடிக்கையாளருக்குக் காட்டும் நிற மாதிரி அட்டைகளில் வெறும் எண் மட்டும் அடிக்கும்படி வைத்திருந்தாள். பெயர் அவள் கண்ணுக்கு மட்டும். வாய்விட்டுத் திட்ட முடியாதவள் கட்டம் கட்டமாகத் திட்டிக்கொண்டிருந்தாள், யாருக்கும் நஷ்டம் இல்லை.

இந்த நேரத்தில்தான் அண்ணியின் தம்பி வந்து சேர்ந்தான். முப்பத்திரண்டு வயது, கை நிறையச் சான்றிதழ், வேலை மட்டும் எங்கேயும் ஆறு மாதத்துக்கு மேல் தங்காது. அண்ணன் அவனை மச்சான் என்று கூப்பிடுவார். முதலாளி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுக் கம்பெனி முழுக்க அவன் மச்சான் சார் ஆனான். வந்த முதல் நாளே மாடி ஏறி வந்து, அவள் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, எல்லாக் கலருக்கும் காமாலை வந்த மாதிரி இருக்கு?"

"துணியில பாருங்க தம்பி."

"இப்பல்லாம் யாரு துணியில பாக்கறாங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்து ஆட்டினான். "இது என்ன, ஆடுது?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் அண்ணி மாடிக்கே வந்துவிட்டாள். பதினேழு வருஷத்தில் அவள் அந்தப் படி ஏறியது அது மூன்றாவது தடவை. பின்னால் அண்ணன். அண்ணன் வாயிலிருந்து முத்து உதிர்ந்து யாரும் பார்த்ததில்லை. சொல்வதற்கு ஏதாவது இருக்கும்போது தொண்டையைச் செருமிவிட்டு மின்விசிறியைப் பார்ப்பார். சின்ன வயதில் அப்பா இவளை அடிக்கும்போதும் இப்படித்தான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணாந்தேதியிலேர்ந்து டிசைனைத் தம்பி பாத்துக்குவான்" என்றாள் அண்ணி. "உனக்கும் வயசாச்சு, கண்ணு போயிடும். கீழ மடிப்புல மேற்பார்வைக்கு ஆள் வேணும், நீ அங்க போ. அந்தக் கலர் ஃபைலை வெள்ளிக்கிழமைக்குள்ள அவன்கிட்ட குடுத்துடு."

"அது நான் பதினேழு வருஷமா சேத்தது, அண்ணி."

"கம்பெனிக் கரன்ட்டுல, கம்பெனி கம்ப்யூட்டர்ல சேத்தது."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் செருமினார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கொடுக்காமல் அழித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். கை வரவில்லை. பெற்ற பிள்ளையைக் கொல்வது மாதிரி என்றெல்லாம் இல்லை; அத்தனையும் பொறுக்கி எடுத்த கோபம், அதைப் போய் எப்படி வீணாக்குவது. வெள்ளிக்கிழமை மாலை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். இருநூற்று நாற்பது அறை உள்ள ஒரு ஹோட்டலுக்காக அவள் கடைசியாகச் செய்த பேலட்டும் அதில் இருந்தது. மச்சான் சார் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலி காலியாகும்வரை வாசலில் நின்றான்.

சனிக்கிழமை மதியம் தன் வாடகை அறையில், புதிதாக வாங்கிய டப்பா ஒன்றின் மூடியில் மார்க்கரால் மிளகு என்று எழுதிக்கொண்டிருந்தாள். 'மி' எழுதியதும் கை நின்றுவிட்டது. எண் மட்டும் அடிக்கும்படி வைத்தது அவளுடைய கம்ப்யூட்டரில். பேலட்டை ஃபைலாகக் கொடுத்தால் நிறத்தோடு பெயரும் சேர்ந்தே போகும். வேறு கம்ப்யூட்டரில் திறந்து அட்டை அடித்தால், ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் அதன் பெயர் தானாக வந்து உட்காரும். மூடியை அப்படியே போட்டுவிட்டுக் கம்பெனிக்கு ஓடினாள்.

மச்சான் சார் தன் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு அவளுடைய நாற்காலியில் இருந்தான். அட்டையை எடுத்துவிட்டு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தான்.

"ஒரு பத்து நிமிஷம் அந்த ஃபைலைக் குடுங்க தம்பி. ஒரு சின்னத் திருத்தம்."

"என்ன திருத்தம்?"

என்னவென்று சொல்வாள். "அது... சொன்னா உங்களுக்குப் புரியாது."

அவள் போட்ட முதல் தப்பு ஃபைலைக் கொடுத்தது. இரண்டாவது தப்பு இந்தப் பதில். அவன் முகம் இறுகியது.

"கொடுத்ததைத் திரும்பக் கேக்கறீங்களா? கலரை மாத்தி விட்டுட்டு, ஹோட்டல்காரங்க முன்னாடி என் மூஞ்சியில கரியைப் பூசலாம்னு பாக்கறீங்க. எனக்கு எல்லாம் தெரியும்க்கா."

"இல்ல தம்பி, நிஜமாவே..."

"உங்க இடம் கீழ."

அவள் எந்தக் கட்டத்தையும் தொட்டுவிடாமல் காபந்து பண்ணவேண்டும் என்ற வெறியில் அவன் அன்றைக்கே அட்டைத் துணியை அடித்துத் தீர்த்தான். இருபது அட்டை. திரையைப் பார்த்து நிறத்தைச் சரிபார்த்தவன், கீழே பொடி எழுத்தில் என்ன வந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. துணி மடிப்புப் பகுதிக்குப் போனது. அங்கே பதினான்கு பெண்கள் ஓரம் வெட்டி, அட்டையில் ஒட்டி, நடுவில் மடித்தார்கள். அவர்களுக்குப் பொடி எழுத்து நன்றாகத் தெரியும். அத்தனை பேரும் படித்தார்கள், ஒருத்தியும் மேலே போய்ச் சொல்லவில்லை. வேலை முடிந்து எண்ணியபோது இருபதில் மூன்று அட்டை குறைந்தது.

செவ்வாய்க்கிழமை ஹோட்டல் மேடம் வந்தாள். ஒல்லியான, அவசரக்காரப் பெண்மணி. உட்காரும்போதே எழுந்திருப்பதைப் பற்றி யோசிப்பவள். அண்ணன், அண்ணி, மச்சான் சார் மூவரும் எதிரில். நிறத்தில் ஏதாவது கேள்வி வந்தால் பதில் சொல்ல இருக்கட்டும் என்று கலர் அக்காவைக் கதவோரம் நிற்கவைத்திருந்தார்கள். நாற்காலி போடவில்லை.

மேடம் அட்டையை விரித்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். முதல் வரிசையைப் பார்த்தாள். பிறகு கட்டங்களை விட்டுவிட்டுக் கீழே இருந்த எழுத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். அண்ணி தனக்கு முன்னால் இருந்த அட்டையை எடுத்தாள். மச்சான் சாரும் எடுத்தான். அவன் தேடாமலே மூன்றாவது வரிசையில் 'உருப்படாதவன் சட்டை' என்று ஒரு மஞ்சள் கண்ணில் பட்டது. குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். அண்ணி முகத்தில் ஈயாடவில்லை.

"இது வேணும், இது, இது" என்று மேடம் பேனாவால் டிக் போட்டுக்கொண்டே போனாள். "ரூம் ஸ்க்ரீனுக்கு இந்தப் பிங்க். ரெண்டாயிரம் மீட்டர். இதே கலர் வரணும், கொஞ்சம் மாறினாலும் திருப்பி அனுப்பிடுவேன்." பேனா நுனி நின்ற கட்டத்தின் பெயரைச் சத்தமாகப் படித்தாள். "அண்ணி சிரிப்பு."

யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"யாரு இந்த அண்ணி?"

"அது... ஒரு டிசைன் பேரு மேடம்" என்றான் மச்சான் சார்.

"நல்லா வெச்சிருக்கீங்க. எனக்கும் ஒருத்தி இருக்கா." மேடம் அட்டையின் மூலையில் கையெழுத்துப் போட்டாள், எழுந்தாள், போய்விட்டாள்.

கையெழுத்துப் போட்ட அட்டைதான் அந்தக் கம்பெனியில் ஒப்பந்தம். அட்டையில் என்ன பெயர் இருக்கிறதோ அதே பெயர்தான் ஆர்டர் சீட்டிலும் இருக்கவேண்டும், துணி மூட்டையில் கட்டும் சீட்டிலும் இருக்கவேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாற்பத்தேழாம் எண் நிறத்துக்குப் பதில் எழுபத்துநாலு போனபோது இந்தச் சட்டத்தைப் போட்டவள் அண்ணி. மூட்டைச் சீட்டில் கையெழுத்துப் போடுபவளும் அண்ணிதான்.

கதவு சாத்தப்பட்டது. அண்ணி அட்டையை மேஜையில் விரித்து விரலால் தட்டினாள்.

"'ஆறின டீ'. டீ குடுத்தது ஒரு தப்பா?"

"ஆறினப்புறம் குடுத்தது, அண்ணி."

"'கொஞ்சம் நகந்துக்கோ'. இது என்ன எழவு?"

"உங்க ஹால் ஸ்க்ரீன் கலர். குடும்ப போட்டோ எடுத்த அன்னிக்கு என்னை நகரச் சொன்னீங்க, நகந்தேன். போட்டோவுல நான் நின்ன இடத்துல இப்பவும் ஸ்க்ரீன்தான் இருக்கு."

அண்ணி அடுத்ததைப் படிக்கவில்லை. அந்தப் பிங்கின் மேல் விரலை வைத்தாள், அவ்வளவுதான். கலர் அக்காவுக்குக் குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று அவளே எதிர்பார்த்திருந்தாள்.

"பால்கனியில நின்னு பக்கத்து வீட்டம்மாகிட்ட சொன்னீங்க. 'புருஷன் வேணாம்னு விட்டுட்டுப் போனதை நாங்க கட்டி மாரடிக்கிறோம்'னு. சொல்லிட்டுச் சிரிச்சீங்க. நான் கீழ உங்க துணியைத்தான் காயப் போட்டுட்டிருந்தேன். நிமிந்து பாத்தேன். ஈறு தெரிஞ்சுது. அந்தக் கலர்."

"சோறு போட்டு வளத்த வீட்டை இப்படி ஊரெல்லாம் அச்சடிச்சு..." அண்ணிக்கு மூச்சு வாங்கியது. கணவன் பக்கம் திரும்பினாள். "மடிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். இவ இந்த வாசப்படியே மிதிக்கக் கூடாது. சொல்லுங்க."

அண்ணன் அதுவரை அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை வரிசையாக விரலை ஓட்டி எதையோ தேடினார். அறுபது கட்டம், இரண்டு தடவை தேடினார். தொண்டையைச் செருமினார்.

"என் பேர்ல ஒண்ணும் இல்லையா?"

அந்தக் கேள்வியில் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் கலர் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜையிடம் போய் அட்டையின் முதல் மூலையைத் தொட்டுக் காட்டினாள். அங்கே ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது. எந்தப் பேலட்டிலும் முதல் கட்டம் பூஜ்ஜியம். இங்கே மை போடாதே என்று மிஷினுக்குச் சொல்லும் கட்டம் அது. மற்ற நிறங்கள் அத்தனையும் தன்மேல் விழ, சும்மா கிடக்கும் வெள்ளைத் துணி. அச்சுப் பிழை என்று எல்லோரும் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள். கீழே பொடி எழுத்தில் 'அண்ணன்' என்று இருந்தது.

"உனக்குக் கலர் இல்லண்ணா. இதுல இருக்கிற எல்லாமே உன் மேலதான் நடந்துச்சு. நீ நின்னுட்டிருந்த."

அண்ணனுக்கு முகம் வெளுத்தது. "இதை மாத்திடு" என்றார் மெல்ல.

"என்னைப் பத்தி என்ன சொல்லப் போற? அண்ணி கேக்கறாங்கல்ல."

அண்ணன் வாயைத் திறந்தார். அண்ணி அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

அண்ணன் வாய் திறக்காததில் ஒரே ஒரு நன்மை உண்டு. ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதற்கும் வாய் வேண்டும். யாரும் வாட்ச்மேனிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை கலர் அக்கா வந்தாள், கீழே மடிப்புப் பகுதியில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பதினேழு வருஷத்துக்கு முன்னால் எழுந்துபோன அதே இடம். அன்றைக்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது. துணியை முகத்தில் வைத்து ஒரு நிமிஷம் அழுதுவிட்டு, அந்தத் துணியையே மடித்து வைத்தாள்.

ஹோட்டலுக்கான புதுத் துணி வந்தது, மிஷின் ஓடியது. அட்டை அடித்த துணி பழைய இருப்பு. இது கொஞ்சம் தடி, மையை அதிகமாகக் குடித்தது. மச்சான் சாருக்கு அதெல்லாம் தெரியாது. முதல் ஐம்பது மீட்டர் செங்கல் நிறத்தில் இறங்கியது. கணக்கை மாற்றினான், கத்தரிக்காய் நிறம் வந்தது. திரையில் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது, அதனால் மிஷினைத் திட்டினான், மிஷின்காரரைத் திட்டினான். வீணான துணி எல்லாம் மடிப்புக்கு வந்து குவிந்தது.

"அக்கா, இன்னிக்கு அண்ணி செங்கல்லா சிரிக்கிறாங்க" என்று பக்கத்தில் இருந்தவள் துணியை உயர்த்திக் காட்டுவாள்.

"நேத்திக்கு இதுக்கு மேல" என்பாள் இன்னொருத்தி.

கலர் அக்கா துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடிப்பாள். சிவப்பு நான்கு புள்ளி இறங்கவேண்டும், நீலம் ஒன்று ஏறவேண்டும். பார்த்த உடனே தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழகாக மடித்தாள்.

மூன்றாம் நாள் மச்சான் சார் இறங்கி வந்தான். கை நகமெல்லாம் மை. "அக்கா, மேல ஒரு நிமிஷம் வந்து பாக்கறீங்களா?"

"கொடுத்ததைத் திரும்பக் கேக்கறீங்களா தம்பி? என் இடம் கீழ."

பதினான்கு தலைகள் துணிக்குள் குனிந்துகொண்டன. அவனுக்குக் காது சிவந்தது.

"வெள்ளிக்கிழமை துணி போகணும்க்கா."

"அப்ப முதலாளியை வரச் சொல்லுங்க. எங்க அண்ணன் வந்து, அவர் வாயால, 'நான் சொல்றேன், நீ மேல வா'ன்னு சொல்லட்டும். வர்றேன்."

அவன் போனதும் கையில் இருந்த துணி இரண்டு தடவை தப்பாக மடிந்தது. நாற்காலி கிடைக்குமா என்பது ஒரு பக்கம். ஆனால் அவர் அந்த நாலு வார்த்தை சொல்லிவிட்டால் பூஜ்ஜியத்தில் இருக்கிற பெயரை அழித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். நல்லதாக ஒரு நிறம்கூடப் பார்த்து வைத்திருந்தாள், காலை வெளிச்சத்தில் தெரியும் ஒரு நீலம். அதற்கு அவர் பெயர். பதினேழு வருஷம் திட்டியவளுக்கு இவ்வளவு ஆசை எங்கே ஒளிந்திருந்தது என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

அரை மணி நேரம் கழித்து அண்ணன் வந்தார். கடைசிப் படியில் நின்றார், தரையில் கால் வைக்கவில்லை. மடிப்புப் பகுதியில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. அவர் செருமினார். அங்கே மின்விசிறி இல்லை, தகரக் கூரைதான். அதைப் பார்த்தார். அவள் துணியை மடியில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

"அண்ணி உன்னை மேல வரச் சொன்னா" என்றார்.

சொல்லிவிட்டு, ஒரு பெரிய வேலையை முடித்தவர் போலத் திரும்பிப் படி ஏறினார்.

பக்கத்தில் இருந்தவள் கலர் அக்காவின் முட்டியை ஒரு தடவை அழுத்தினாள். கலர் அக்கா துணியை முழுதாக மடித்து அடுக்கில் வைத்தாள், கையை உதறிக்கொண்டு எழுந்தாள். நாற்காலி அவளுக்கு வேண்டும். அதை யார் சொல்லிக் கொடுத்தால் என்ன.

மேலே போய் செங்கல்லை உருவி வராந்தாவில் போட்டுவிட்டு, பழையபடி அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தாள். உட்கார்ந்தாள். சிவப்பு நான்கு, நீலம் ஒன்று. ஒரு முழம் அடித்து ஜன்னலோரம் பிடித்தாள். மேடம் கையெழுத்துப் போட்ட அட்டையில் இருந்த அதே நிறம், ஈறு தெரிந்த அதே மதியம். மிஷினை ஓட்டச் சொன்னாள். கீழே மூட்டைகள் ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். ஒவ்வொன்றின் சீட்டிலும் 'அண்ணி சிரிப்பு' என்று எழுதி, கையெழுத்துக்காக அண்ணியின் மேஜைக்கு அனுப்பினார்கள். நாற்பது மூட்டை, நாற்பது கையெழுத்து.

மாலையில் திருத்திய பேலட்டைச் சேமிக்கும்போது மென்பொருள் வழக்கம்போல முதல் கட்டத்தில் வந்து நின்று, பெயரை மாற்றவேண்டுமா என்று கேட்டது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேண்டாம் என்று அழுத்தினாள்.